ஷோர் எது, கோஸ்ற் எது?

ரொறன்ரோவில் இருக்கும் எங்களுக்குக் கோடைகாலத்து ஞாயிறு என்றால் ஸ்காபரோ பிளவ்ஸ்தான். சோற்றுப் பார்சலும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு நாலைந்து குடும்பங்களாகப் போவோம். மண்மலை சுவர் போலச் செங்குத்தாக நிற்கிறது. உயர்ந்த இடத்தில் 90 மீற்றர் வரும், நீளம் ஏறக்குறைய 15 கிலோமீற்றர். கீழே ஒன்ராறியோ ஏரி. அலை அடிக்கும், அக்கரை தெரியாது. ஊரில் இருந்து புதிதாக வந்தவர்கள் கடல் என்றே சொல்வார்கள். வாயில் விட்டுப் பார்த்தால்தான் உப்பில்லை என்று தெரியும்.

தமிழில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. குளத்துக்கும் கரை, ஆற்றுக்கும் கரை, கடலுக்கும் கரை. ஆங்கிலத்திலோ ஷோர் என்றும் கோஸ்ற் என்றும் இரண்டு சொற்கள். இரண்டும் ஒன்றல்ல.

தண்ணீரும் நிலமும் தொடுகின்ற விளிம்புதான் ஷோர். அது கடலுக்கும் உண்டு, ஏரிக்கும் உண்டு. அதனால்தான் ரொறன்ரோவில் ஏரியோரம் போகும் பெரிய தெருவுக்கு லேக் ஷோர் என்று பெயர். லேக் கோஸ்ற் என்று இங்கே ஒருவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கோஸ்ற் என்பது பெரும்பாலும் கடலை ஒட்டிய நிலப்பகுதி முழுவதையும் குறிக்கும். விலா எலும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து அது வந்தது. நாட்டின் விலாப்புறம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று நீளும் வடகரை முழுவதும் கோஸ்ற். அதில் வள்ளத்தை இழுத்து ஏற்றும் மணல் ஷோர்.

ஸ்காபரோ என்ற பெயரிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. 1793இல் இங்கிருந்த ஆங்கில ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இந்த மண்மலையைப் பார்த்து, இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்து இந்தப் பெயரை வைத்தார். அந்த ஸ்காபரோ வடகடலின் கோஸ்றில் இருக்கிறது. எங்களுடையது ஏரியின் ஷோரில் இருக்கிறது.

இது வெறும் இலக்கணம் அல்ல. 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் எங்கள் ஆட்கள் 155 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கனடாவின் கோஸ்றுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள், ஷோரோ கண்ணில் படவில்லை. கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டிராவிட்டால் என்ன நடந்திருக்குமோ! இரண்டு சொற்களுக்கும் இடையில் அன்றைக்கு 155 உயிர்கள் கிடந்தன.

2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் மேற்குக் கோஸ்றுக்கு வந்த 492 பேருடைய கதை வேறு. அவர்கள் ஷோரில் இறங்கினார்கள். இறங்கியும் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். நாங்கள் கரை சேர்ந்தான் என்று சொல்வது ஒருவனுடைய வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்ததை. மண்ணில் கால் வைப்பது மட்டும் எங்களுக்குக் கரை சேருவது ஆகாது. அந்தப் பொருள் ஷோரிலும் இல்லை, கோஸ்றிலும் இல்லை.

பிளவ்ஸுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த மூன்று சொற்களையும் அங்கே வைத்தே சொல்லிக் கொடுங்கள். மலை விளிம்புக்குக் கிட்டப் போக மட்டும் விடாதீர்கள். அது இடிந்து விழுகின்ற மண்.