ரெண்டு மாடி ஏறுவீங்களா?

வெஸ்ட்காட் சாலையின் ஹாரன் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. மயக்க மருந்து டாக்டரின் அறைக்கு வெளியே, நீள பெஞ்சில் எட்டுப் பேர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை. எக்ஸ்ரே, ஈசிஜி, ரத்தச் சீட்டு. ஆபரேஷனுக்கு முன் ‘ஃபிட்னஸ்’ வாங்க வந்தவர்கள். நான் துணைக்கு வந்தவன். எனக்குப் பேச வேலையில்லை. கதவு பாதி திறந்திருக்கிறது.

உள்ளே காக்கிச் சட்டையில் ஓர் ஆட்டோக்காரர். ஐம்பத்தைந்து இருக்கும். குடலிறக்கம். அருகில் மனைவி, மாத்திரை அட்டைகளை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். எதிரே இளவயதுப் பெண் டாக்டர்.

“வாயை நல்லாத் திறங்க ஐயா. நாக்கை நீட்டுங்க.”

குனிந்து, உள்நாக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது பெரும்பாலும் சுலபம். நாக்கு மறைத்தால் முன்னேற்பாடு வேண்டும். ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற டாக்டர் சேஷகிரி மல்லம்பாட்டி 1985இல் எழுதிவைத்த வழி இது. அதற்கு ஒரு கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

“கட்டுப்பல் இருக்கா? எதாவது ஆடுதா?”

முன்பல் ஒன்று ஆடுகிறது. டியூப் போடும்போது கழன்று நுரையீரலுக்குள் விழுந்துவிடக் கூடாது. குறித்துக்கொள்கிறார்.

“முதுகுல ஊசின்னுதானே சொன்னாங்க, வாயை எதுக்குமா பாக்கறீங்க?”

“அது பத்தலைன்னா முழு மயக்கம் குடுக்கணும் ஐயா. எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும். ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா?”

“ஏறுவேன்மா.”

“பீடி, சிகரெட்?”

“விட்டாச்சு.”

மனைவி இதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்கிறார்.

“இன்னாத்துக்குப் பொய் சொல்ற? தெனம் ஒரு கட்டு பீடி, டாக்டரம்மா. ஒரு மாடி ஏறினாலே படியில உக்காந்துக்கும்.”

அறை அமைதியாகிறது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை, காதோரம் சிவந்துவிட்டது. டாக்டர் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பேனாவை வைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே வீக்கம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்கிறார்.

அடுத்து காத்திருக்கும் பெண்ணின் விரல்களில் கருஞ்சிவப்பு நகப்பூச்சு. ஊழியர் பஞ்சும் ரிமூவரும் கொடுத்து அழிக்கச் சொல்கிறார். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டினால், அதன் ஒளி நகத்தைத் தாண்டிப் போக வேண்டும்; பூச்சு ஏமாற்றிவிடும். இந்த மருத்துவமனை 1911இல் தொடங்கியபோது மயக்கம் என்றால் பெரும்பாலும் குளோரோஃபார்ம்தான். முகத்துணியில் சொட்டுச் சொட்டாக விட்டு, நாடியில் விரல் வைத்து மூச்சைக் கவனித்தபடி இருப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரல் நுனியிலேயே சொல்லும் இந்தக் கிளிப்புக்கான வழியை ஜப்பானில் தகுவோ அயோயகி 1970களில்தான் கண்டார்.

எதிரே ஐசியூ கதவு ஒருமுறை திறந்து மூடுகிறது. தலைமாடு உயர்த்திய கட்டில். வென்டிலேட்டரில் இருப்பவரை அப்படித்தான் படுக்க வைப்பார்கள், வயிற்றில் உள்ளது நெஞ்சுக்குள் ஏறாமல் இருக்க. ‘டிக், டிக்’ என்று மானிட்டர். ஆக்சிஜன் இறங்கினால் அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். நர்ஸ் திரையைப் பார்க்கவில்லை. ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். சற்றுத் தள்ளி மியூசிக் அகாடமியில் டிசம்பர் மாதம் எத்தனையோ கூர்மையான காதுகள் வந்து உட்காரும். இந்தக் காது அவற்றுக்குக் குறைந்ததல்ல.

அறைக்குள் டாக்டர் பேசுகிறார்.

“நாளைக்கு வேணாம் ஐயா. முதல்ல எக்கோ எடுங்க, நெஞ்சு டாக்டரைப் பாருங்க. பீடியை இன்னிக்கே விடுங்க. நாலு வாரம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க. வீக்கம் உள்ள போகாம வலிச்சா, உடனே வந்துடணும்.”

“மயக்கம் குடுத்தா எழுந்துப்பேனாம்மா?”

இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தார் போல.

“ஆபரேஷன் முடியிற வரைக்கும் எங்கள்ல ஒருத்தர் உங்க தலைமாட்டைவிட்டு நகர மாட்டாங்க. ஆனா நீங்க உண்மையைச் சொல்லணும்.”

வெளியே வந்தார்கள். சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து மனைவி கையில் திணித்துவிட்டு, அவர் முன்னால் நடந்தார். கோபம் இன்னும் அடங்கவில்லை. மனைவி பதில் பேசாமல் சீட்டை மடித்துக்கொண்டு, எக்கோ எங்கே எடுக்கிறார்கள் என்று ஊழியரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

உங்களிடமும் ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். எத்தனை மாடி ஏற முடியுமோ, அதை அப்படியே சொல்லுங்கள்.