பாலர் பள்ளிக்கு எட்டு மாத விடுப்பு

என் வேலைக்கு என்னிடம் இருக்கும் ஒரே கருவி என் குரல். ஒலிவாங்கி, கலையகம் எல்லாம் நிலையத்தினுடையவை. தொண்டை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போவது. காலை ஆறு மணிக்கு நேரலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, "வணக்கம்" சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாட்டுக்கு மேல் பாட்டாகப் போட்டு ஏழு மணிச் செய்தி வரை ஒப்பேற்றினேன். கூலிமிலிருந்து ஒரு நேயர் அழைத்து, "தங்கச்சி, மிளகையும் பனங்கற்கண்டையும் வாயில போட்டு அடக்கிக்கம்மா" என்று வைத்தியம் சொன்னார். அந்த அரையாண்டில் எனக்குக் குரல் போனது அது மூன்றாவது முறை.

எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தேவையில்லை. ஐந்து வயது மகளை அப்போதுதான் கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பக்கத்திலேயே ஒரு பாலர் பள்ளியில் சேர்த்திருந்தோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் நாள்காட்டியில் அவள் காய்ச்சலோடு வந்த நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்தேன். ஆறு மாதத்தில் ஏழு முறை. சளி, இருமல், வயிற்றுப்போக்கு, மறுபடியும் சளி. ஒருமுறை கை, கால், வாய்ப்புண் நோய். நாக்கெல்லாம் புண்ணாகி, குளிர்ந்த தயிரைத் தவிர எதையும் விழுங்க முடியாமல் பத்து நாள் கிடந்தாள். நான் பைக்குள் எப்போதும் வைத்திருந்த கைத்தூய்மி அந்தக் கிருமியிடம் அவ்வளவாகச் செல்லாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதே மேல் என்று அப்போதுதான் மருத்துவர் சொன்னார். புண் ஆறிய பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்குமாம். அதுவரை நான் பெருமையாகச் செய்து வந்த சுத்தமெல்லாம் பாதிச் சுத்தம்தான்.

பிள்ளைக்கு நோய் வந்தால் பிள்ளைக்கு எம்சி கிடைக்கும். பெற்றவளுக்கு? என் ஆண்டு விடுமுறையில் பாதி நான்காவது மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. கணவருடைய விடுமுறையும் அதே வேகத்தில் கரைந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் சமாளித்திருப்போம். சின்னவன்தான் எங்களை நிறுத்தினான். அவனுக்கு அப்போது ஏழு மாதம். அக்காவின் மூக்கொழுகல் இரண்டு நாளில் அவனுக்கு வந்தது. அவளுக்கு மூக்கோடு நின்றது அவனுக்கு நெஞ்சுக்குள் இறங்கியது. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே போய் வந்தது. பால் குடிக்க வாயெடுத்து, மூச்சு வாங்கி, விட்டுவிட்டான். மருத்துவமனையில் ஆர்எஸ்வி கிருமி என்றார்கள். நுரையீரலின் சிறிய காற்றுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளும், கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி வருவதுதான் என்று தாதி ஆறுதலாகச் சொன்னார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நான்கு இரவுகள்.

இரண்டாம் இரவு நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பெற்றோர் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பியிருப்பார்கள் என்று மனதுக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். சிலர் அப்படிச் செய்வது எல்லாருக்கும் தெரியும். காலையில் பனடோல் சிரப் கொடுத்தால் வாசலில் சூடு பார்க்கும்போது உடம்பு குளிர்ந்திருக்கும். மதியத்துக்குள் மறுபடியும் ஏறும். அதற்குள் வேலையில் பாதி முடிந்திருக்கும். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு வெளியரங்க நேரலை. மாற்ற ஆளில்லை. விடியற்காலையில் மகளுக்கு 38 பாகை. சிரப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "டீச்சர்கிட்ட எதுவும் சொல்லாதேம்மா" என்று கணவரோடு அனுப்பி வைத்தது நான். அந்த வாரமே அவள் வகுப்பில் மூன்று பிள்ளைகள் வரவில்லை. எங்களால்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. எங்களால் இல்லை என்று சொல்லவும் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணவர்கூட இதைப் படித்துத்தான் டீச்சர் பற்றிய அந்த வாக்கியத்தைத் தெரிந்துகொள்வார்.

சின்னவன் வீடு திரும்பியதும் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். முதலாம் ஆண்டுக்குரிய பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்க அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். நாங்கள் நிறுத்தியபோது பாலர் பள்ளிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. சிக்கல் ஆள்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து மாமியாரை வரச் சொன்னோம். காலையில் அவர், பதினொன்றரைக்கு மேல் நான்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியிருக்கிறேன். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை நான்கு மணி நேரம் பிடித்து வைக்கத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைப் பதினைந்து நிமிடம் பாய் மீது உட்கார வைக்கத் தெரியவில்லை. முதல் வாரம் மணிக்கணக்குப் போட்டு அட்டவணை ஒட்டினேன். இரண்டாம் வாரம் சின்னவன் அதைக் கிழித்துத் தின்னப் பார்த்தான். அதன் பிறகு அட்டவணை இல்லை. தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் 'அ' போடுவாள். கறிவேப்பிலைக் கொத்தை உருவி எண்ணுவாள். மலாய் அசைகளைக் கணவர் இரவில் சொல்லிக் கொடுப்பார். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் நடந்ததில்லை. அந்த வயதுக்கு அதுவே ஏதேஷ்டம் என்பது என் கட்சி.

பாட்டியிடம் அவள் கற்றதுதான் நான் திட்டமிடாதது. மாமியார் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்பது, கங்காணி பெயர் கூப்பிடுவது, பால் வாளி, லயத்து வீடு என்று பேத்தியிடம் கதை கதையாகச் சொன்னார். எட்டு மாதத்தில் அவளுடைய தமிழ் என் தமிழைவிட மேலே போய்விட்டது. "ஆண்ட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என் அக்காவைப் "பெரியம்மா" என்றாள். பாட்டியின் மற்ற வைத்தியங்களுக்கு வீட்டில் தடையில்லை. கோடாலித் தைலம் தாராளமாகத் தன் தலையில் தேய்த்துக்கொண்டார். சின்னவனின் நாக்கில் தேன் தடவப் போனதை மட்டும் மருத்துவரின் பெயரைச் சொல்லித் தடுத்தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எட்டு மாதத்தில் மகளுக்கு இரண்டே முறை காய்ச்சல். ஒன்று பத்துமலைக் கூட்டத்தில் வாங்கி வந்தது. மற்றொன்று, கலையகத்தில் ஆளுக்கு ஆள் மாற்றி மாட்டும் ஹெட்ஃபோன் வழியாகவோ என்னவோ, நான் கொண்டு வந்தது. என் குரல் ஒருநாளும் போகவில்லை. கணக்கில் பார்த்தால் வெற்றிதான்.

ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். கையில் என் பழைய குறிப்பேடு. "பெரட்டு! பெரட்டு!" என்று கத்திவிட்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். எல்லாம் அவள் பாலர் பள்ளித் தோழர்களின் பெயர்கள். பன்னிரண்டு பெயர், ஒன்றும் மறக்கவில்லை. கடைசியாகத் தன் பெயரைக் கூப்பிட்டாள். அந்த இடத்தில் பொம்மை இல்லை. "வரல," என்று அவளே சொல்லிக்கொண்டு குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டாள்.

அடுத்த வாரம் சின்னவனுக்குத் தடுப்பூசி போடப் போனபோது மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டேன். சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான், கூட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் கூடும் என்றார். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டூசான் நகரில் பிறப்பிலிருந்து 13 வயது வரை பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்திருக்கிறது. பெரிய பராமரிப்பு நிலையங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகம். ஆறிலிருந்து பதினோரு வயது வரை மற்றவர்களைவிடக் குறைவு. 13 வயதில் வேறுபாடே இல்லை. ஆக, நாங்கள் நோயை நிறுத்தவில்லை, பெரும்பாலும் தள்ளிப்போட்டோம். ஆனால் ஏழு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் தள்ளிப்போடுவதே பெரிய காரியம். ஒன்றரை வயதுப் பையனின் காற்றுக்குழாய் ஏழு மாதத்தில் இருந்த குழாய் இல்லை. அந்த எட்டு மாதத்துக்காக நான் வருந்தவில்லை.

முதலாம் ஆண்டையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, விலக்குக்கு மனு போடலாமா என்று கணவர் கேட்டார். நானும் ஆடிப்போய்த்தான் இருந்தேன். மாமியார்தான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் புள்ளைய வீட்டுலயே வெச்சுக்கிட்டா தமிழ்ப்பள்ளியில யாருடா இருப்பா?" அது உண்மை. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல, 150 மாணவர்கூட இல்லாத குறைந்த மாணவர் பள்ளிகள். ஆனால் என்னை அசைத்தது அந்தக் கணக்கில்லை. குறிப்பேட்டில் போட்ட அந்தக் கோடு.

ஆறு வயதில் பாலர் பள்ளிக்குத் திரும்பினாள். முதல் மாதமே இரண்டு முறை படுத்தாள். சின்னவனும் இருமினான், கவனித்துக்கொண்டோம், மருத்துவமனை வரை போகவில்லை. இப்போது முதலாம் ஆண்டு. சோப்பு, தண்ணீர் தவிர வீட்டில் ஒரே ஒரு விதி: மருந்து கொடுக்காமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் பள்ளி. யாருக்கு நேரலை இருந்தாலும் சரி.

போன மாதம் ஒரு புதன்கிழமை. விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. சிரப் போத்தல் அலமாரியில் எதிரேயே இருந்தது. கைப்பேசியை எடுத்து, எனக்குப் பதிலாக எப்போதாவது வரும் தம்பியை எழுப்பினேன்.

"என்னக்கா, குரல் நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. பாப்பாவுக்குக் காய்ச்சல்."

கொஞ்ச நேரம் மறுமுனையில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிக்கா, நான் கிளம்புறேன். மொதப் பாட்டு மட்டும் என்னன்னு சொல்லிடுங்க" என்றான்.