மூன்றாம் நாள்

'கேரவன்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது சினிமா நட்சத்திரங்கள்தான். படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஜன்னல் திரைகளை இழுத்து விட்டுக்கொண்டு கம்பீரமாக நிற்குமே, அந்த வண்டி. ஆனால் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை சினிமாவுக்கு முந்தியது. கடற்படை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1885-ஆம் ஆண்டில் இரண்டு குதிரைகள் இழுக்கும் மரவீடு ஒன்றைக் கட்டச் செய்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை அதிலேயே போனார். உல்லாசத்துக்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்பார்கள். வண்டி ஆமை வேகத்தில் வரும். அவருடைய வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே வருகிறவர்களை எச்சரிப்பாராம்!

நமக்கு இதில் அப்படியொன்றும் புதுமை இல்லை. நம் பாட்டன்மார் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்து, அரிசி பருப்போடு பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போனவர்கள்தாம். புளிய மரத்தடி கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு மூன்று கல் கூட்டினால் அதுதான் அடுப்பு. படவேட்டு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளி என்றால், ஆற்காட்டுப் பக்கத்து வண்டிகளெல்லாம் இப்படித்தான் கிளம்பும். இதே சமாசாரத்துக்குக் கேரள அரசாங்கம் 2021-ல் ஒரு திட்டமே வகுத்தது. பழசுக்குப் புதுப் பெயர் வைப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்களல்ல.

எங்கள் வண்டி கேரவன் என்ற பெயருக்கு லாயக்கானதல்ல. அது ஒரு பழைய வேன். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டில் போட்டிருக்கிறோம். கட்டிலுக்கு அடியில் காஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர்க் குடம், ஒரு டிரங்குப் பெட்டி. நான் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பிரயாணத்துக்கு அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்த இடமானாலும் மூன்று நாளுக்குக் குறைந்து தங்கக் கூடாது.

"ஒரு நாள் தங்கினால் இடம் தெரியும். இரண்டு நாள் தங்கினால் வழி தெரியும். மனிதர்கள் தெரிய மூன்று நாளாவது வேண்டாமா?" என்பது அவளுடைய வாதம்.

இப்படித்தான் ஐப்பசி கழிந்து மழை விட்டிருந்த சமயத்தில் ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டு, வழியில் ஆரணியில் தங்கினோம்.

ஆரணியைப் பற்றிச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1751-ல் கிளைவ் சண்டை போட்டு ஜயித்த ஊர்களில் அது ஒன்று. இன்று அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தருவது பட்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையோரம் வேனை நிறுத்தினோம். அவர் தறிக்குழியில் காலை வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும் மட்டும் நாடா ஓடிக்கொண்டே இருக்கும். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவார். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியம், ஒரே அறையில், ஒருவர் கைக்கு ஒருவர் எட்டும் தூரத்தில்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் மேற்கே மலை தெரிகிறது, நீலச் சேலைக்குக் கரை கட்டியது போல. ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி அந்த மலையில்தான் பிறக்கிறது. பட்டு நூலின் பசையைப் போக்கவும் சாயம் ஏற்றவும் தண்ணீர் வேண்டுமே. அந்த மலை இல்லாமல் இந்த ஊர் இல்லை என்றே சொல்லலாம்.

"நீங்களும் எங்களோடு வாருங்களேன்" என்றேன்.

"மலைக்கா? அதான் மாடியிலேருந்தே தெரியுதே, சார்!" என்று சிரித்தார் அவர். பிறகு தறியைக் காட்டி, "இந்தப் பாவுல இன்னும் ஒரு சேலை பாக்கி இருக்கு. அதை அறுத்தாத்தான் கூலி. பாவு முடிஞ்சதும் அடுத்த பாவு வந்துடும்" என்றார்.

அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது மட்டும் என் மனைவியின் கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து, "புளிச்சோறு கட்டியிருக்கேன்மா. மேலே போய், அங்கேருந்து எங்க ஊர் தெரியுதான்னு பாருங்க" என்றார்.

போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதை. எங்கள் வேன் ஸ்டேபிள்ஸின் குதிரைகளை நினைவூட்டிக்கொண்டு ஏறிற்று. காட்டு இலாகாவுக்குச் சொந்தமான இடத்தில் இஷ்டப்படி இரவு தங்க முடியாது. ஆகவே ஒரு சிற்றூரின் ஓரத்தில், ஒரு பாட்டியின் வீட்டு வாசலில் அனுமதி கேட்டு வண்டியை நிறுத்தினோம். பாட்டியும் எட்டு வயதுப் பேத்தியும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள்.

முதல் நாள் மலை மட்டும் கண்ணில் பட்டது. பலா மரங்கள், சரிவுகளில் சாமைக் கொல்லைகள், பீமன் அருவியின் இரைச்சல், காலையில் கையை நீட்டினால் விரல் மறையும் பனி. சாயங்காலம் ஊர்க்கோடியிலிருந்த ஒரு பாறைமேல் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. படம் எழுதத் தகுந்த காட்சி.

இரண்டாம் நாள் சுற்றினோம். ஆதி மனிதர்கள் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல் மூடிக் கட்டிய ஈமச் சின்னங்கள் இந்த மலையில் உண்டு. 'குள்ளர் குகை' என்கிறார்கள் ஊரார். பிறகு காவலூர். வானத்தைப் பார்க்க வேண்டுமென்றே விஞ்ஞானிகள் தேடிப்பிடித்த இடம் அது. கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, கண்ணை உறுத்தும் பட்டணத்து வெளிச்சம் இல்லை. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்டபோது, அதற்குச் சாட்சி சொன்ன இடங்களில் காவலூரும் ஒன்று. வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 93 அங்குலத் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது.

அவசரக்காரர்களாக இருந்தால் அத்தோடு கீழே இறங்கியிருப்போம். நிபந்தனை குறுக்கே நின்றது.

மூன்றாம் நாள் எங்கும் போகவில்லை. என் மனைவி பாட்டியோடு உட்கார்ந்து சாமை புடைத்தாள். சாமை லேசில் சோறாகிற தானியம் அல்ல. காய வைத்து, குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் உமி விட்டு அரிசி தலைகாட்டும். நான் சும்மா ஊருக்குள் நடந்தேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. கிழவர்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஓர் ஆண்பிள்ளையைக் காண்பதே அரிதாக இருந்தது.

"மகன் எங்கே பாட்டி?" என்று கேட்டேன்.

"குடகுக்குப் போயிருக்கான், காப்பித் தோட்டத்துக்கு. மருமகளும் கூடத்தான். பொங்கலுக்கு வருவாங்க" என்றாள். பிறகு, முறத்தைத் தட்டியபடியே, "அங்கே போறது தேவலை. சில பேரு மரம் வெட்டக் கூட்டிப் போனாங்களே, அதுக்கு இது தேவலை" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸார் சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. நாம் பத்திரிகையில் ஒரு வாரம் படித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். மலையில் அது அப்படிப் போய்விடவில்லை.

இந்த மலையாளி மக்களைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களின் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். ஏழு ஆண்கள், ஏழு நாய்களோடு மீட்கப் புறப்பட்டார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மனைவிமாரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் தட்டுத் தடுமாறி அக்கரை சேர்ந்தார்கள். நாய்களோ வீட்டுக்கே நீந்தித் திரும்பிவிட்டன. மனைவிமார் அழுது கருமாதி செய்து முடித்தார்கள். வேடர்களை வென்று திரும்பிய ஏழு பேருக்கும் ஊரில் இடமில்லை. இறந்தவர்கள் கணக்கில் அவர்கள் எழுதப்பட்டாயிற்று. அவர்கள் வேடர் பெண்களை மணந்து இந்த மலையில் குடியேறினார்களாம்.

கதை மெய்யோ பொய்யோ, அதை ஆராய எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஜனக்கூட்டம் தன் பிறப்பைச் சொல்லும்போது, போனவர்களையும், வாசலில் நின்று வழி பார்த்தவர்களையும் வைத்துச் சொல்கிறதே, அது என்னை உலுக்கிற்று.

"நீங்க எத்தினி நாள் இருப்பீங்க?" என்று பாட்டி கேட்டாள்.

"இருக்க வேண்டும் என்று தோன்றுகிற வரைக்கும்" என்றாள் என் மனைவி.

பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தோணுற வரைக்கும் இருக்க முடியுதே!" என்றாள். பொறாமை இல்லை அந்தக் குரலில். ஆச்சரியம்தான் இருந்தது.

ஆரணியில் நின்றால் நஷ்டம் என்று தறியோடு ஒட்டிக்கொண்ட ஒரு தம்பதி. மலையில் இருந்தால் பட்டினி என்று கிளம்பிவிட்ட ஒரு தம்பதி. நடுவில், தோன்றினால் நின்று தோன்றினால் கிளம்பும் நாங்கள். சாவகாசம் என்பதை மனசின் குணம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் கைமுதலின் குணம். இதைச் சொல்வதால் சாவகாசப் பிரயாணம் கூடாது என்று அர்த்தமில்லை. கையில் அந்த முதல் இருக்கிறவர்கள், அதை அருவியோடும் படகுத் துறையோடும் செலவழித்துத் தீர்த்துவிடாமல், ஒரு நாளாவது மனிதர்களுக்கு ஒதுக்கினால் நல்லது.

நெசவாளர் மனைவி சொன்னது நினைவுக்கு வரவே, ஆரணி தெரிகிறதா என்று பார்ப்பதற்காக அன்று மாலை அந்தப் பாறைக்குப் போனோம். கிழக்கே மேட்டுக்கு மேல் மேடாக மலைதான் தெரிந்தது. பெண்கள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டியின் பேத்தியும் இருந்தாள். யாரும் சூரியனைப் பார்க்கவில்லை. ஊரிலேயே டெலிபோனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் அந்தப் பாறை ஒன்றுதான். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலிருக்கும் யுரேனஸின் சங்கதி எட்டுகிற மலையில், குடகிலிருந்து ஒரு குரல் வந்து சேர இந்தப் பாறை வரைக்கும் நடந்து வர வேண்டியிருக்கிறது.

ஒரு போன் அடித்தது. ஏழெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் மடியைத் தொட்டுப் பார்த்தார்கள். பேத்திதான் எழுந்து நின்றாள். "அப்பா!" என்று அவள் போட்ட கூச்சலுக்குத் தொலைநோக்கிகூடத் திரும்பிப் பார்த்திருக்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டு, அவரவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.