விளக்குக்குத் தெரியாதது

நான் போனபோது பட்டறையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. "வண்டிக்குள்ள தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா? சீட்டுக்கு அடியில ஏதாச்சும் திணிச்சு வெச்சீங்களா? சீட் கவர் எப்பப் போட்டீங்க?" கார்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், "ஏர்பேக் லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்கண்ணா, போதும்" என்றார்.

கோவை கணபதியில் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனும் ஒரு பையனும்தான். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பிரித்துப் பழகிய கை அண்ணனுடையது. ஓட்டுநருக்கு ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானதே 2019இல்தான். இப்போது அவருடைய பாதி நாள் பழுதைச் சொல்லும் ஸ்கேனரோடு போகிறது.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னையும் தன் சென்சர்களையும் சோதித்துவிட்டுச் சில விநாடிகளில் அதை அணைத்துவிட வேண்டும். இந்தக் காரில் அணையவில்லை. இடப்பக்க மோதல் சென்சரோடு தொடர்பு இல்லை என்றது ஸ்கேனர். அந்தப் பழுதுப் பதிவை அழித்தால் மறுபடி வந்தது. வேறோர் இடத்தில் சென்சரையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம்.

"மெஷின் தெருப் பேரைத்தான் சொல்லும் தம்பி. எந்த வீடுன்னு நாமதான் கதவைத் தட்டிப் பாக்கோணும்" என்றார் அண்ணன். சென்சர் செத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம். அரிதாக, பெட்டியே கெட்டிருக்கலாம்.

பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். உடனே டீ சொன்னார். விபத்தில் பாட்டரி நசுங்கிப்போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அது வடிவதற்கு, காரைப் பொறுத்து, ஒன்றரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு அளவு ஒரு டீ. "மஞ்சள் வயரைக் கண்டா கையைக் கட்டிக்கோன்னு பையன்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன்." ஏர்பேக் கனெக்டர்களுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது அதற்காகத்தான். பையை வெடிக்க வைக்கும் இக்னைட்டரில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்ப்பதும் ஆகாது; மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதைத் தூண்டிவிடலாம்.

டீ முடிந்ததும், இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கும் பி பில்லரின் அடிமூடியைக் கழற்றினார். தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று. ஒரு போல்ட், இரண்டு வயர், அவ்வளவுதான். பழைய சென்சர்களில் காந்தம் பிடித்து வைத்த எஃகு உருண்டை இருந்தது. மோதலில் அது பிடி நழுவி ஓடி மின்தொடர்பை மூடும். இன்று அந்த வேலை சிலிக்கான் சில்லுக்கு. முன்பக்கம் மோதினால் எஞ்சின் அறை நசுங்கும் நேரமாவது கிடைக்கும். பக்கவாட்டில் குறுக்கே இருப்பது ஒரு கதவு. ஏறத்தாழ 10 மில்லி செகண்டுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். கண் இமைக்கவே அதைப்போலப் பத்து மடங்கு நேரம் ஆகிறது.

பார்ட் நம்பர்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வலப்பக்கச் சென்சரை இடப்பக்கமும் இடப்பக்கத்தை வலப்பக்கமும் மாற்றிப் போட்டார். பாட்டரியை மாட்டி ஸ்கேனரைச் செருகினார். சென்சர்தான் கோளாறு என்றால் பழுதும் அதோடு வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. "சென்சர் நிரபராதி. வர்ற வழிதான் கெட்டுக் கெடக்குது."

மறுபடி பாட்டரி கழன்றது, மறுபடி டீ. இடப்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கியபோது சொதசொதவென்று ஈரம். ஏசியின் வடிகால் குழாயில் தூசி அடைத்து, ரோட்டில் சொட்ட வேண்டிய நீர் காருக்குள் இறங்கியிருந்தது. அந்த ஈரத்தில் கிடந்த வயர்க்கட்டில் ஒரு கனெக்டர். பிரித்துக் காட்டினார்: முனையெல்லாம் பச்சைக் களிம்பு. உயிரைப் பற்றிக்கொண்ட ஆணவத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை செம்பில் ஏறிய களிம்பு. இங்கே அது ஒரு சென்சரின் வாயை அடைத்திருந்தது.

"முறுக்கி டேப் சுத்துனா லைட் அணைஞ்சிரும். ஹாரன் வயருக்கு அது போதும். இதுக்குப் பண்ண மாட்டேன்" என்று புது வயரிங்குக்கு ஆர்டர் கொடுத்தார்.

மூன்றாம் நாள் போனேன். புது வயரிங் ஏறி, கார்ப்பெட் காய்ந்து, ஏசிக் குழாய் ஒழுங்காகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சென்சர்கள் தத்தம் பக்கம் திரும்பியிருந்தன. வாழ்நாளெல்லாம் கைக்கணக்கில் முடுக்கிய மனிதர், இந்தப் போல்ட்டுக்கு மட்டும் டார்க் ரென்ச் எடுத்தார். மோதலின் அதிர்வு பில்லரின் தகடு வழியாகத்தான் சென்சருக்குப் போகிறது. போல்ட் தளர்ந்தால் அதற்குக் காது மந்தம்.

சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. பையன் வாய்விட்டு எண்ணினான். ஆறில் அணைந்தது.

கார்க்காரர் சந்தோஷமாகப் பர்ஸை எடுத்தார். அண்ணன் டிரைவர் சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "பக்கத்துப் பை இதுக்குள்ளதானுங்க இருக்குது. சீட்டுத் தையலைக் கிழிச்சுட்டு வெளிய வரோணும். மேல இவ்வளவு தடியா கவர் போட்டிருந்தா எப்படி வரும்? கழட்டிப் போடுங்க."

"போன மாசந்தான் அண்ணா போட்டேன். வீட்டுல கேட்டுட்டுச் சொல்றனுங்க."

கார் கவரோடு கிளம்பிப் போனது. மீட்டர் போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"இது ஸ்கேனர்ல வராது தம்பி" என்றபடி அண்ணன் அடுத்த வண்டியின் பானெட்டைத் தூக்கினார்.