மாரியும் ஓட்டமும்

ஓட்டப் பயிற்சிக்குப் பனிக்காலமே பெருந்தடை என்பர் மேலை நாட்டார். அட்டாளைச்சேனையில் எமக்குப் பனியில்லை, மாரி உண்டு. வடகீழ்ப் பருவமழை வலுத்தால் மைதானம் குளமாகும். கடற்கரை மணலை அலை மூடும்.

அவ்வாண்டு மார்கழியில் பத்து நாட்கள் நான் ஓடவில்லை. மழை விடட்டும் என்பதே என் நியாயம். பதினோராம் நாள், சுபஹுத் தொழுகை முடிந்ததும் வாப்பா மண்வெட்டியுடன் வயலுக்குப் புறப்பட்டார்.

"இந்த மழையிலயா வாப்பா?"

"வேளாண்மை வளர்றது மாரியிலதானே, மகன்."

அவர் உபதேசிக்கவில்லை, வரம்பு உடைந்திருக்குமோ என்பதே அவர் கவலை.

இராணுவச் சப்பாத்துகளுடன் பனியில் ஓடிப் பழகிய எமில் சாட்டோபெக், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் மூன்றிலும் தங்கம் வென்றார். அக்கதையை நான் முன்னரே படித்திருந்தேன். அது என்னைப் பாயிலிருந்து எழுப்பவில்லை. வாப்பாவின் நனைந்த முதுகே எழுப்பிற்று. அவரது துவிச்சக்கர வண்டியின் பின்னால் வயல்வரை ஓடினேன். மறுநாளும் ஓடினேன். ஓடத் தொடங்கிய பின்னரே ஊக்கம் வந்து சேர்ந்தது.

பங்குனியில் நடந்த போட்டியில் நான்காவதாகவே வந்தேன். அறுவடைக் களத்தில் நின்ற வாப்பாவிடம் தயங்கியபடி சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே:

"நாளைக்கும் ஓடுறதானே?"