கிரிவலப்பாதையின் எல்லை

பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுடன் வேனில் திருவண்ணாமலைக்குள் நுழைந்தேன். கிரிவலப்பாதை ஓரமெல்லாம் தண்ணீர் பாட்டில்களும் பாக்குமட்டைத் தட்டுகளும் கிடந்தன. தூய்மைப் பணியாளர்கள் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1,45,000 பேர் வாழும் ஊர் இது. பௌர்ணமி இரவில் பல லட்சம் பேர் மலையைச் சுற்றுகிறார்கள். அத்தனை பேருக்கும் குடிநீர், கழிப்பறை, விளக்கு எல்லாம் யாரோ திட்டமிட்டாக வேண்டும். அந்த 'யாரோ' யார் என்று காட்டத்தான் ஆசிரியை பிள்ளைகளை மாநகராட்சி அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

1886இல் நகராட்சியான ஊர், 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. வரி கட்டும் இடம், பிறப்புச் சான்றிதழ் தரும் பிரிவு என்று வரிசையாகப் பார்த்தோம். மன்றக் கூடத்தில் கவுன்சிலர்களின் நாற்காலிகளிலேயே பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். இங்கே பாதி இடங்கள் பெண்களுக்கானவை என்று அலுவலர் சொன்னதும் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நிமிர்வைப் பாடப்புத்தகம் தந்திருக்க முடியாது.

கிரிவலப்பாதையை ஒட்டிய கிராமத்துச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க ஊரை டவுனோட சேர்த்துட்டா அம்மாவுக்கு நூறு நாள் வேலை கிடைக்காதா?"

அலுவலர் மழுப்பவில்லை. "கிடைக்காதும்மா. அது ஊராட்சிக்கு மட்டுந்தான்."

நடப்பவர்களுக்கு 14 கிலோமீட்டரும் ஒரே பாதை. நிர்வாகத்துக்கு அப்படியிருக்கவில்லை, அடி அண்ணாமலை போன்ற ஊராட்சிகள் வழியாகவும் அது போனது. குப்பைக்கும் கூட்டத்துக்கும் ஒரே நிர்வாகம் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இணைப்பு என்றால் வீட்டு வரி கூடும், ஊராட்சிக்கான அந்த வேலைத் திட்டம் போகும், ஊரே கூடிக் கணக்குக் கேட்கும் கிராம சபையும் போகும். தமிழகத்தில் பல ஊர்களில் மக்கள் இதை எதிர்த்துத்தான் மறியல் செய்தார்கள். வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடுவது தவறு என்றே நினைக்கிறேன்.

"அப்ப எங்ககிட்ட கேட்டுட்டுத்தானே சேர்ப்பீங்க?" என்றாள் அவள்.

ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார் அலுவலர். மனுவில் யார் பெயருக்கு எழுதுவது, என்னென்ன குறிப்பிடுவது என்று அவள் விடாமல் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அக்டோபர் 2 கிராம சபைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகலாமே என்று ஆசிரியையிடம் கேட்டேன். ஓட்டுரிமை இல்லாவிட்டாலும் உட்கார்ந்து கேட்கலாம் அல்லவா? அவர் உடனே சம்மதித்தார்.