கால்வாய் நகரில் ஒலிக்கும் திருவெம்பாவை

பாங்காக் என்று உலகம் அழைக்கும் மாநகரைத் தாய்லாந்து மக்கள் 'குருங் தேப்' என்றே சொல்கின்றனர். தேவர்களின் நகரம் என்பது பொருள். அதன் முழுப்பெயரோ பாலியும் வடமொழியும் கலந்து நீளும் ஒரு நாமாவளி. இந்திரன் ஆணைப்படி விசுவகர்மா சமைத்த நகரம் என்று அது நிறைவுறுகிறது. வங்கிப் பேரேடுகளோடு காலம் கழித்த எனக்கு, இப்பெயரை எந்தப் பத்தியில் எழுதி முடிப்பார்கள் என்ற ஐயம் எழாமலில்லை.

1782-இல் முதலாம் இராமா மன்னர் சாவ்பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை நிறுவினார். ஆற்றின் வளைவோடு சேருமாறு கால்வாய்களை வெட்டுவித்து, அரண்மனைப் பகுதியை ஒரு தீவாகவே ஆக்கினார். 'குலோங்' எனப்படும் அக்கால்வாய்களே அன்று வீதிகள். பிற்காலத்தில் பல தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. எஞ்சியவற்றுள், 1837-இல் வெட்டத் தொடங்கிய சேன்சேப் கால்வாயில் இன்றும் பயணியர் படகுகள் விரைகின்றன. நீர் நன்றாகவே தெறிக்கும். பட்டுப்புடவையைத் தவிர்ப்பது நலம்.

மேற்குக் கரையில் பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரத்துடன் விளங்கும் அருண் ஆலயம் பௌத்தத் தலமே ஆயினும், சூரியனின் சாரதியான அருணன் பெயரையே தாங்கியிருக்கிறது. பாங்காக் நொய் கால்வாயின் கரையிலுள்ள அரச படகுக் காட்சியகத்தை அன்பர்கள் தவறவிடலாகாது. 1911-இல் நீரில் இறங்கிய பொன் அன்னப் படகு சுமார் 46 மீட்டர் நீளம். அருகே கருடன்மேல் எழுந்தருளிய நாராயணனும், ஏழு தலை அனந்தனும் படகுகளின் முகப்பில் நிற்கின்றனர். மரகத புத்தர் ஆலயத்தின் பிராகாரச் சுவர்களில் 'இராமகியன்' எனும் இராமாயணம் 178 ஓவியங்களாக விரிகிறது. அங்கே தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம்.

இவை யாவும் சுற்றுலாக் கையேடுகளில் உள்ளவையே. பலர் காணாமல் திரும்பும் இடம் ஒன்றுண்டு: 1784-இல் எழுந்த 'தேவஸ்தான்'. ஈசன், விநாயகர், நாராயணன் மூவருக்கும் தனித்தனி மண்டபங்கள், ஆரவாரமில்லாத வெண்சுவர்கள். அரசவை அந்தணர்கள் இங்கே மார்கழி, தையை ஒட்டி 'திரியம்பாவாய்', 'திரிபாவாய்' என்ற விழாக்களை நடத்துகின்றனர். ஈசன் பூமிக்கு இறங்கி வந்து தங்கும் நாட்கள் அவை என்பது நம்பிக்கை. பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒளிந்திருப்பதைக் காஞ்சி மகா பெரியவர் தம் உரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். கிரந்தத்தை ஒத்த எழுத்தில் அமைந்த சுவடிகளிலிருந்து, மணிவாசகரின் பாடல்கள் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்துள்ளன.

ஓதுவோர்க்கு அதன் தமிழ்ப்பொருள் தெரியாது. உச்சரிப்பும் நம் செவிக்கு எளிதில் பிடிபடாத அளவு மாறிவிட்டது. பொருள் புரியாமல் ஓதுவதால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. பொருள் தெரிந்த நம் வீடுகள் எத்தனையில் மார்கழி விடியலில் இருபது பாடல்களும் ஒலிக்கின்றன? மொழி கைநழுவிய பின்னும் கடமை நழுவாமல் காத்தவர்கள் அவர்கள்.

கோயிலுக்கு அருகில், செந்நிறத்தில் ஓங்கி நிற்கும் மாபெரும் ஊஞ்சல் தூண்கள் இவ்விழாவுக்கென அமைந்தவை. உயர ஆடி, மூங்கில் நுனியில் கட்டிய நாணயப் பையைப் பல்லால் கவ்வுவது அன்றைய வழக்கம். 1935-க்குப் பின் ஆட்டம் நின்றது. தேக்குத் தூண்களை 2007-இல் புதுப்பித்தனர். ஊஞ்சல் மட்டும் இல்லை. ஓதுதல் உள்ளே தொடர்கிறது.

சீலோம் சாலை மாரியம்மன் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. நவராத்திரியில் செல்வோர் விஜயதசமி இரவு வரை தங்குவது நல்லது. அன்று அம்மன் உலாவுக்காகச் சாலையே மூடப்படுகிறது. வழிநெடுகத் தாய்லாந்துக் குடும்பங்கள் மலரும் விளக்கும் பரப்பிக் காத்திருக்கின்றன.